வடைக்கு எங்கே மூலை

வேலந்தாவளம் போகும் சாலையில்
எல்லைக்கு முந்நூறு அடி முன்னால்
சென்னியப்பன் எடைமேடை.
இரவு ஷிப்ட் எனக்கு.
லாரி ஏறினால் தரை லேசாய்க் குனியும்,
பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடி நிற்கும்.
இடையில் கிடைக்கும் நேரம்
டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் அரியருக்கு.
மூன்றாவது தடவை.

நான்கு மாறிகள், பதினாறு கட்டம்.
கட்டம் போடுவது சுலபம்.
தலைப்பு எழுதும்போதுதான் கை தப்பும்.
00, 01, 10, 11 என்று
ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எண்ணிக்கொண்டே போவேன்.
அப்படி இல்லை.
00, 01, 11, 10.
பத்துக்கு முன்னால் பதினொன்று.
ஒரு எட்டுக்கு ஒரு இலக்கம்தான் மாறலாம்;
இரண்டு காலையும் ஒருசேரத் தூக்கினால்
விழவேண்டியதுதான்.
விழுந்தேன், இரண்டு தடவை.

வராத எண்களுக்கு எக்ஸ் போடச் சொல்வது மட்டும்
பிடித்திருந்தது.
வராத விருந்தாளிக்கும் இலை போடலாம்,
பந்தி நேராகும் என்றால்.
இல்லையென்றால் சுருட்டி வைக்கலாம்.
யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

மூலைகள்தான் புரியவில்லை.
நான்கு மூலையில் நான்கு ஒன்று,
அவை அடுத்தடுத்த வீடு என்கிறது புத்தகம்.
எப்படி அடுத்த வீடு?
நடுவே எத்தனை பூஜ்யம்!

புதன்கிழமை, தக்காளி லோடுகள் போனபின்
ரசீது உருளையில் ஒரு துண்டு கிழித்து
கட்டம் போட்டு
டீ கிளாஸைச் சுற்றினேன்.
இடது ஓரம் வலது ஓரத்தைத் தொட்டது.
சரி.
மேலும் கீழும் தொடவேண்டுமே,
கிளாஸை வளைக்க முடியாதே.
பிஜோய் தினம் கொண்டுவந்து தரும் பொட்டலத்தில்
ஒரு உளுந்து வடை மீதமிருந்தது.
அதன்மேல் பேனாவால் கோடு போட்டேன்.
சத்தியமாக.
எண்ணெயில் மை பிடிக்கவில்லை,
ஆனாலும் தெரிந்தது:
ஓட்டையைச் சுற்றி ஒரு வழி,
ஓட்டைக்குள் புகுந்து வெளிவர ஒரு வழி.
வடைக்கு எங்கே மூலை?

அந்தச் சூட்டோடு
மேடையின் பழைய பேனலைத் திறந்தேன்.
எவரோ எப்போதோ கட்டியது.
ஹாரன் அலற நான்கு கிளை, கிளைக்கொரு ரிலே:
தமிழ்நாட்டு வண்டி, பகல்.
தமிழ்நாட்டு வண்டி, இரவு.
கேரள வண்டி, பகல்.
கேரள வண்டி, இரவு.
நான்கிலும்
சீட்டு இல்லை, எடை சரியில்லை.
கட்டத்தில் இறக்கினேன்.
நான்கு மூலை!
ஒரே வளையம் போட்டேன்.

மாறுவது கழியும், மாறாதது நிற்கும்.
ராத்திரி கழிந்தது.
மாநிலம் கழிந்தது.
மிஞ்சியது இரண்டே சொல்.

கம்பிகளைக் கழற்றும்போது பார்த்தேன்,
நான்காவது ரிலேயின் சுருள் கருகியிருந்தது.
கருகியதா, கருக்கியதா, தெரியாது.
அந்த மூலை மட்டும்
எத்தனை மாதமாய் ஊமையோ.

நாலரை மணிக்கு பிஜோயின் வண்டி ஏறியது.
ஹாரன் அலறியது.
அவன் கேபினிலிருந்து என்னைப் பார்த்தான்,
கையில் பொட்டலம்.
நான் எண்களைப் பார்த்தேன்.
பின்னால் வந்த பொள்ளாச்சி வண்டிக்கும் அலறியது,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

காலையில் சென்னியப்பன் பேனல் முன்னால் நின்றார்.
"ஆரு உன்னைய இதுல கை வெக்கச் சொன்னது?"
"சுருக்கினேனுங்க. ரெண்டு மிச்சம்."
கழற்றிய ரிலேக்களை டப்பாவில் நீட்டினேன்.
நல்லதைக் கையில் உருட்டிப் பார்த்தார்.
கருகியதைத் தொடவில்லை.

தேர்வில் மூன்று மாறிகள்தான் கேட்டிருந்தார்கள்.
பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு
மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வடைக்கு இப்போது
நானே காசு கொடுக்கிறேன்.